நாற்பத்தோராயிரம்

மீட்டரைக் கடைசியில்தான் பார்ப்பேன்.
முதலில் கியர்க் குமிழ்.
பதினெட்டு வருடமாக ஜெர்மனியில் வாங்கி
கௌனாஸில் விற்கிறவன் நான்.
எண்ணைத் திருப்பிவைக்க ஒரு லேப்டாப் போதும்.
உள்ளங்கை தேய்த்ததை
எந்த லேப்டாப்பும் திருப்பிவைக்காது.

அவுரிஷ் பக்கம் ஒரு செங்கல் வீடு. சாய்வாக மழை.
ஹில்கே த்யார்க்ஸ் அம்மையார்
கராஜ் கதவை இடுப்பால் முட்டித் திறந்தார்.
நீலக் கூப்பே. ஆறு சிலிண்டர், ஆறு கியர்.
விளம்பரத்தில் போட்டிருந்தது:
நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர், ஒரே கை.

அந்தக் கையைத்தான் தொட்டுப் பார்த்தேன்.
குமிழின் தோல் நாவல்பழம்போல் மின்னியது.
இரண்டு என்ற எண் அடியோடு இல்லை,
நான்கில் கால் மட்டும் மிச்சம்.
லீவரின் இடுப்பைச் சுற்றிய தோல்பை
மடிப்புக்கு மடிப்பு விண்டிருந்தது.
இரண்டு லட்சம், என்றது என் விரல்.
பொய்யைக் கண்டால் எனக்குக் கோபம் வராது,
விலை வரும்.

ஆனால் கிளட்சை மிதித்து இரண்டில் போட்டபோது
லீவரில் ஆட்டம் இருந்தது, பல்லில் இல்லை.
கிழவனின் மணிக்கட்டில்
குழந்தையின் விரல்கள் மாதிரி.

குனிந்து பெடல்களைப் பார்த்தேன்.
கிளட்ச் ரப்பர் மொட்டை.
பக்கத்திலேயே பிரேக்,
வரி வரியாக, தொழிற்சாலை வாசனையோடு.
பிரேக்கே போடாமல் இரண்டு லட்சம் போனவன்
உயிரோடு வந்து வண்டி விற்பதில்லை.
ஸ்டியரிங்கின் அல்கன்டாரா
ஒன்பது மணியில் வழுக்கை,
மூன்று மணியில் ஆட்டுக்குட்டி.
இண்டிகேட்டர் தண்டில் ஒரு கீறலும் இல்லை.

எனக்குக் கணக்கு இடித்தது.
அம்மையார் டீ கொண்டுவந்தார்.
கல்கண்டின்மேல் சூடாக ஊற்றியதும்
அது டிக்கென்று விண்டது.
“மூன்றாவது கியர் இப்படித்தான் கேட்கும்,
சமையலறை வரைக்கும்” என்றார்.

ஃபோக்கோவின் கண் நடுவில்
சாம்பல் நிறத்தில் ஒரு காசு விழுந்ததாம்.
ஓரங்கள் தெரியும். எதிரே வருவது தெரியாது.
லைசென்ஸைத் தானே கொண்டுபோய்க் கொடுத்தார்.
வண்டியைக் கொடுக்கவில்லை.
ஆறு குளிர்காலம், ஆறு கோடை,
தினமும் ஐந்து மணிக்கு
இந்தக் கதவைச் சாத்திக்கொண்டு
சாவி போடாமல்
நோர்டைஷ் கடற்கரைக்குப் போய்விட்டு வருவார்.

“நாலு, மூணு, ரெண்டு என்று இறங்கினால்
ரயில்வே கேட் வந்துவிட்டது என்று அர்த்தம்.
உருளைக்கிழங்கை அடுப்பில் ஏற்றுவேன்.”

பிரேக்?

“போடமாட்டார்.
மனசுக்குள் போகும்போதாவது
நிற்காமல் போகிறேனே என்பார்.”

தாழ்ப்பாள் போடாமல் மழை கராஜுக்குள் எட்டிப்பார்த்தது.
நான் வலப்பக்கக் கதவைத் திறந்தேன்.
பழக்கம்தான், வேறொன்றுமில்லை.
இந்த வருடத்து வண்டிகளின் மெத்துப் பிளாஸ்டிக்
பத்து வருடத்தில் ஜாமாய்ப் பிசுபிசுக்கும்.
இது பிசுபிசுக்கவில்லை.
கைப்பிடியின் உள்பக்கம் மட்டும்
நான்கு பிறைகள்.
நக அளவு, ஆழமாக.

அம்மையார் பார்க்காததுபோல் பார்த்தார்.

“ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் போவேன்.
வளைவுகளில் ரொம்ப வேகமாகத் திருப்புவார்.”

குமிழுக்கும் தோல்பைக்கும் சேர்த்து
முந்நூறு யூரோ குறைத்தேன். தொழில்.
அவர் இருநூறுக்கு இறக்கினார்.
அவருக்கும் அது தொழில் மாதிரிதான் வந்தது.

போலந்துக்குள் நுழைந்தபோது இருட்டிவிட்டது.
சுங்கச்சாவடிக்கு முன் நாலு, மூணு, ரெண்டு.
எண் அழிந்த இடத்தில்
என் உள்ளங்கை சரியாகப் பொருந்தியது.
எனக்கு அது பிடிக்கவில்லை.
பிரேக்கைக் கொஞ்சம் அழுத்தமாகவே மிதித்தேன்,
இந்த வண்டியில் அதுவரை
யாரும் தேய்க்காத ஒன்று
எனக்கு வேண்டியிருந்தது.